நாளைக்குப் போட்டி: ஓடுபவர்களும் பாய்பவர்களும் முதல் நாள் செய்யவேண்டியவை

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் மட்டக்களப்பில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். குருத்தோலை கிழிப்பவர்கள் ஒரு பக்கம், இல்லக் கொட்டிலுக்குக் கம்பு நடுபவர்கள் ஒரு பக்கம், அணிநடைக்குக் கால் மாற்றிப் பழகுபவர்கள் இன்னொரு பக்கம். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பு நடும் கூட்டத்தின் நடுவில், வெயிலில் முகம் சிவந்து நிற்பது பெரும்பாலும் நாளைக்கு 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம் நான்குக்கும் பெயர் கொடுத்த பிள்ளையாகத்தான் இருக்கும். நல்ல பிள்ளை, கேட்டால் மாட்டேன் என்று சொல்லாது. அடுத்த நாள் பின்னேரம் அஞ்சலோட்டத்தில் அதே பிள்ளையின் தொடை பிடித்துக்கொள்ளும். எல்லோரும் "தண்ணி குடிக்கேல்லப் போல" என்பார்கள். தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் நாள் முழுக்க நின்றதும் காரணம்தான்.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்கும், முதல் தடவையாக வலயமட்டம், மாகாணமட்டம் என்று போகப்போகும் மற்றவர்களுக்கும். குறுந்தூர ஓட்டம், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல், உயரம் பாய்தல் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். நீண்டதூரம் ஓடுகிறவர்களின் கணக்கு வேறு.

ஒன்றை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். போட்டிக்கு முதல் நாள் உங்கள் வேகத்தை யாராலும் கூட்ட முடியாது. இன்று செய்யும் கடும் பயிற்சியின் பலன் உடம்பில் சேரப் பல நாட்கள் எடுக்கும், களைப்பு மட்டும் நாளைக்கே வந்து நிற்கும். மாதக்கணக்கில் பயிற்சி செய்து சேர்த்ததைச் சிந்தாமல் நாளைக் காலை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்றைய வேலை.

பகலில்

காலையில் வழக்கமான நேரத்துக்கு எழும்புங்கள். ஓய்வு நாள் என்று பத்து மணி வரை படுத்தால் இரவு நித்திரை வராது. பகலில் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தால் உட்கார்ந்து செய்யும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்: பெயர்ப்பட்டியல் எழுதுவது, இலக்கம் வெட்டுவது, குருத்தோலை பின்னுவது. கம்பு தூக்குவதையும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதையும் போட்டியில் இல்லாத நண்பர்கள் செய்யட்டும். இல்லத் தலைவர்களிடமும் பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: நாளைக்கு ஓடப்போகிறவர்களைப் பின்னேரம் மூன்று மணிக்குமேல் மைதானத்தில் வைத்திருக்காதீர்கள். கொட்டில் அலங்காரத்துக்கு ஒரு பரிசு கிடைக்கலாம். அதற்காக ஓட்டப் புள்ளிகளை விட்டுக்கொடுப்பது இல்லத்துக்கே நட்டம்.

மதியம் இருபது, முப்பது நிமிடம் படுத்து எழும்பலாம். அதற்குமேல் வேண்டாம். கடலில் குளிப்பதும் பின்னேரப் பந்து விளையாட்டும் நாளை மறுநாள் வரை பொறுக்கட்டும். கல்லடிக் கடற்கரை எங்கேயும் ஓடிப்போகாது. பொங்கும் அலையில் ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால் கெண்டைக்கால் எப்படி இறுகும் என்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

அரை மணிப் பயிற்சி

முதல் நாள் முழு ஓய்வு எடுப்பதா, கொஞ்சம் ஓடுவதா என்று பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். முழு ஓய்வை அதற்கு முந்திய நாளில் எடுத்துவிட்டு, முதல் நாள் லேசாக உடம்பை எழுப்பிவிடுவது நல்லது என்பது என் பழக்கம். பல பயிற்றுவிப்பாளர்கள் செய்வதும் அதுதான். முழுக்க ஓய்ந்து கிடந்தால் அடுத்த நாள் காலை கால் மந்தமாக, பாரமாக இருக்கும்.

வெயில் தணிந்த பிறகு மைதானத்துக்குப் போங்கள். ஐந்து நிமிடம் மெல்லோட்டம். பிறகு பத்து நிமிடம் அசைவுப் பயிற்சிகள்: முழங்காலை உயர்த்தித் துள்ளுவது, குதிகால் பின்னால் படும்படி ஓடுவது, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசுவது. அதன்பின் 40 மீற்றருக்கு மூன்று ஓட்டம். ஒவ்வொன்றையும் மெதுவாகத் தொடங்கிக் கடைசிப் பத்து மீற்றரில் நல்ல வேகத்துக்கு வாருங்கள். முழு மூச்சாக வேண்டாம், பத்தில் எட்டு, ஒன்பது பங்கு போதும். நடந்து திரும்பி வந்து, மூச்சு முழுதாக அடங்கிய பிறகே அடுத்தது. ஓட்டக்காரர் என்றால் 20 மீற்றருக்கு இரண்டு தொடக்கம். முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

"இன்னும் ஒன்று ஓடிப் பார்க்கவா சேர்?" என்ற ஆசை வரும்போதே நிறுத்திவிடுங்கள். அந்த ஆசையைக் காலில் வைத்துக்கொண்டு போவதுதான் நல்லது. நேரம் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். கடிகாரம் நல்ல எண்ணைக் காட்டினால் அந்த ஓட்டத்தை வீணாக்கிவிட்டீர்கள், கெட்ட எண்ணைக் காட்டினால் இரவு நித்திரை போய்விடும்.

ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சியையும் அளவோடு வைத்திருங்கள். இரவு படுக்குமுன் மெல்லச் செய்தால் பிழையில்லை. நாளை ஓடுவதற்குச் சற்று முன்னர் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்குமேல் இழுத்துப் பிடித்தால் அதன் விசை கொஞ்ச நேரத்துக்குக் குறையும்.

ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றி உந்தும் தொடக்கக் கட்டை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பல பள்ளிக்கூடங்களில் அது இல்லை. வலயமட்டத்தில்தான் பிள்ளை முதல் தடவையாக அதைக் கண்ணால் காணும். முதல் நாளே எங்காவது கிடைத்தால் வைத்துப் பாருங்கள். தொடக்கக் கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு பாத நீளத்தில் முன்கட்டை, மூன்று பாத நீளத்தில் பின்கட்டை. அங்கிருந்து தொடங்கி உங்களுக்கு வசதியான இடத்தைப் பிடியுங்கள். எந்தக் கால் முன்னால், எத்தனை பாதம் என்பதை ஒரு துண்டில் எழுதிப் பையில் போடுங்கள். கட்டையே கிடைக்காவிட்டால் நண்பர் ஒருவரின் இரண்டு பாதங்களை உங்கள் பாதத்துக்குப் பின்னால் வைத்து அழுத்தச் சொல்லி, உந்திக் கிளம்பும் உணர்வையாவது பழகுங்கள். தொடக்க வெடிக்கு முன் அசைந்தால் முதல் தடவையிலேயே வெளியேற்றம், 2010இல் இருந்து சர்வதேச விதி அதுதான். 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் 100 மீற்றர் இறுதியில் உசைன் போல்ட்டையே அந்த விதி வெளியே அனுப்பியது. ஆகவே இன்றைய இரண்டு தொடக்கத்திலும் வெடியை முந்தப் பழகாதீர்கள். நண்பர் கை தட்டட்டும், சத்தம் காதில் விழுந்த பிறகு கிளம்புங்கள்.

பாய்பவர்களுக்கு: அளவுதான் முக்கியம்

இதை விரிவாகச் சொல்லவேண்டும். நான் பார்த்த முதல் நாள் தவறுகளில் மிகவும் கவலை தந்தது இங்கேதான் நடந்தது.

படுவான்கரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன், நீளம் பாய்தல். மணல் கலந்த மைதானத்தில் வெறுங்காலோடு பழகியவன். அவன் ஓடிவரும் தூரத்தைப் பாதத்தால் அளப்பான்: குதிகாலை முன்காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து 110 பாதம். ஒவ்வொரு நாளும் அதே அளவு, ஒவ்வொரு நாளும் உந்திப் பாயும் பலகையில் சரியாக மிதிப்பான். பெரிய போட்டிக்கு முதல் நாள் ஒருவரிடம் அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் சப்பாத்து இரவல் வாங்கிக் கொடுத்தோம். போட்டியன்று அந்தச் சப்பாத்தோடு 110 பாதம் அளந்தான். வெறும் பாதம் 25 சென்ரிமீற்றர், சப்பாத்தோடு 27. ஒரு பாதத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் என்றால் 110 பாதத்துக்கு 2 மீற்றர் 20. ஓடும்போது அவன் வைக்கும் ஒரு முழு எட்டுக்குமேல் பின்னால் நின்று ஓடியிருக்கிறான்! பலகைக்கு வரும்போது கால் மாறிவிட்டது. கடைசியில் சின்னச் சின்ன எட்டு வைத்து வேகத்தை விட்டான். மூன்று பாய்ச்சலும் அப்படியே போயின. முதல் எட்டுப் பேருக்குள் வந்தால்தான் அடுத்த மூன்று பாய்ச்சல், அவன் வரவில்லை. மணற்குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாதத்தையும் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தவறு எங்களுடையது, முதல் நாளே அளந்து கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே இன்று பின்னேரம் உங்கள் ஓடுதூரத்தை அளவு நாடாவால் அளந்து, மீற்றரிலும் சென்ரிமீற்றரிலும் எழுதுங்கள். நாளைக்குப் போடும் அதே சப்பாத்தோடு ஓடிப் பார்த்துவிட்டு அளக்கவேண்டும். நாடா இல்லையென்றால் இழுபடாத கயிறு ஒன்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். மீன்பிடி நைலோன் இழுபடும், அது வேண்டாம். ஓடுதளத்தின் ஓரத்தில் இரண்டு அடையாளம் வைக்க விதி இடம் தருகிறது, சுண்ணாம்புக்கு இடமில்லை. பலகைக்கு எதிரே நின்று, முழு ஓட்டமாக இரண்டு தடவை ஓடி, மிதித்துவிட்டு அப்படியே குழிக்குள் ஓடிப் போங்கள். பாயவேண்டாம். பலகைக்கு முந்திய கடைசி எட்டுகள் எங்கே விழுகின்றன என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

மணல் தரையில் அளந்த அளவு செயற்கை ஓடுதளத்தில் அப்படியே பொருந்தாது. மணலில் கால் கொஞ்சம் பின்னால் வழுக்கும். செயற்கைத் தளம் காலைப் பிடித்து உந்திவிடும், அதனால் ஒவ்வொரு எட்டும் சற்று நீளும். பதினாறு, பதினேழு எட்டில் அது சேர்ந்து உங்களைப் பலகை தாண்டி மிதிக்க வைத்துவிடும். எதிர்க்காற்று வந்தால் எட்டுக் குறுகும், பின்காற்று வந்தால் நீளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் ஒன்று, பின்னேரம் வேறொன்று. கணக்கு எளிது: சோதனை ஓட்டத்தில் பலகையை 20 சென்ரிமீற்றர் தாண்டி மிதித்தால் தொடங்கும் இடத்தை 20 சென்ரிமீற்றர் பின்னால் தள்ளுங்கள், பலகை வரை எட்டாமல் விட்டால் முன்னால். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது பதற்றத்தில் எல்லோருக்கும் குழம்பும். அதையும் துண்டில் எழுதுங்கள்.

முதல் பாய்ச்சலை எப்படிப் பாய்வது என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். என் யோசனை, ஒரு அரைப் பாதம் பின்னால் தள்ளித் தொடங்கி, செல்லுபடியாகும் ஒரு பாய்ச்சலை முதலில் பதிவு செய்வது. மைக் பவல் 1991இல் தோக்கியோவில் பாய்ந்த 8.95 மீற்றர் உலக சாதனை அவருடைய ஐந்தாவது பாய்ச்சலில் வந்தது. ஐந்தாவது பாய்ச்சல் கிடைக்கவேண்டுமானால் முதல் மூன்றில் ஒன்றாவது உருப்படியாக இருக்கவேண்டும்.

உயரம் பாய்பவர்கள் வளைந்து ஓடுவதால் இரண்டு அளவு எடுக்கவேண்டும்: கம்பத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, அங்கிருந்து பின்னால் எவ்வளவு. எந்த உயரத்தில் தொடங்குவது என்பதையும் இன்றே தீர்மானியுங்கள். தொடர்ந்து மூன்று தடவை குறுக்குக்கம்பைத் தட்டினால் வெளியே. இருவர் ஒரே உயரத்தில் நின்றால், கடைசியாகத் தாண்டிய அந்த உயரத்தில் குறைவாகத் தட்டியவர் முன்னால் வருவார். அதிலும் சமம் என்றால் அதுவரை தட்டிய மொத்தத்தைப் பார்ப்பார்கள். ஆகவே தைரியமாகத் தாண்டக்கூடிய உயரத்தில் தொடங்குங்கள். கூட்டம் பார்க்கிறது என்று பெரிய உயரத்தில் தொடங்கவேண்டாம். முப்பாய்ச்சலுக்கு நீளம் பாய்தலுக்குச் சொன்ன எல்லாம் பொருந்தும். அவர்கள் முதல் நாள் துள்ளல் பயிற்சியை அறவே விட்டுவிடவேண்டும், குதிகால் அடிபட்டால் அடுத்த நாள் ஒன்றும் செய்ய இயலாது.

சாப்பாடு, தண்ணீர், மருந்து

மரதன் ஓடுகிறவர்கள் முதல் நாள் சோறும் பாணுமாக நிறையச் சாப்பிடுவதைப் பார்த்து நீங்களும் செய்யவேண்டாம். 100 மீற்றருக்கோ ஒரு பாய்ச்சலுக்கோ வேண்டிய சக்தி வழக்கமான சாப்பாட்டிலேயே தசையில் இருக்கிறது. மிதமிஞ்சிச் சேர்க்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் தசையில் கட்டிவைக்கும். பாய்பவருக்கு அது பாரம்.

வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். மதியம் சோறு, மீன் கறி, பருப்பு, ஒரு கீரை. இரவு ஏழு, ஏழரைக்குள் இடியப்பமும் சொதியும் முட்டையும், அல்லது பிட்டு. தயிர் சாப்பிட்டுப் பழகியவர்கள் கொஞ்சம் சாப்பிடலாம். வாவி நண்டும் இறாலும், புரியாணியும், எண்ணெய் கூடிய கொத்துரொட்டியும் வெற்றிவிழாவுக்கு இருக்கட்டும். "நாளைக்கு ஓடுற பிள்ளை" என்று அம்மம்மா விசேடமாக ஏதாவது சமைத்து வைத்தால், அன்பாக நாளை இரவுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இன்று வயிற்றுக்குப் புதிதாக எதுவும் போகக்கூடாது.

தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், கடும் மஞ்சள் என்றால் காணாது. படுக்குமுன் ஒரு லீற்றரை ஒரேயடியாகக் குடித்தால் இரவெல்லாம் எழும்பவேண்டும். இளநீர் நல்லது. வெயிலில் அதிகம் வியர்த்திருந்தால் ஜீவனி உப்புத்தூளை அதன் பையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். தேத்தண்ணீர் பின்னேரத்தோடு போதும். நோன்பு காலத்தில் போட்டி வந்தால், நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரையான நேரத்தில் தண்ணீரைப் பிரித்துக் குடிக்கத் திட்டமிடுங்கள். அன்றைய பின்னேரப் பயிற்சியை இன்னும் குறைத்துவிடுங்கள்.

மருந்து விடயத்தில் விளையாட்டு வேண்டாம். தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் இருக்கும். போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்குமேல் அது சிறுநீரில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம். அந்தப் போட்டிக் காலம் என்பது முதல் நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடுகிறது என்று 2021இல் நடைமுறைக்கு வந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி சொல்கிறது. முதல் நாள் பின்னேரம் விழுங்கிய மாத்திரை அந்த நேரத்திலும் உடம்பில் இருக்கும். காய்ச்சல், தடிமன் என்றால் வைத்தியரிடம் "நாளைக்குப் போட்டி" என்று சொல்லியே மருந்து வாங்குங்கள். தெரிந்த அண்ணா தருகிறார் என்று எந்தத் தூளையும் கரைத்துக் குடிக்காதீர்கள்.

பை

இருட்டமுன் பையை அடுக்குங்கள். முதலில் ஸ்பைக்ஸ். எங்கள் மைதான மணல் ஆணி மாட்டும் துளைக்குள் போய் இறுகியிருக்கும், கடற்காற்றில் ஆணியும் துருப்பிடிக்கும். பழைய பல் துலக்கும் தூரிகையால் துளையைச் சுத்தம் செய்து, திருகில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, சாவியால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஆணியையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். செயற்கைத் தளத்தில் ஆணி 9 மில்லிமீற்றருக்குமேல் இருக்கக்கூடாது, உயரம் பாய்தலுக்கு 12 வரை. சில மைதானங்களில் இன்னும் குட்டையாகக் கேட்பார்கள், ஆதலால் குட்டை ஆணி ஒரு கட்டும் சாவியும் பையிலேயே இருக்கட்டும். புதுச் சப்பாத்தை நாளைக்கு முதல் தடவையாகப் போடவேண்டாம். வெறுங்காலோடு ஓட விதி தடுக்கவில்லை. ஆனால் மத்தியான வெயிலில் செயற்கைத் தளம் பாதத்தைச் சுட்டுவிடும்.

நாளைக்குப் போடும் முழு உடுப்பையும் ஒரு தடவை போட்டு, நாலு எட்டு ஓடிப் பாருங்கள், தலையை மறைக்கும் துணி உட்பட. இலக்கத் துண்டுக்கு ஊசி எட்டு (நான்கு கட்டாயம் தொலையும்), அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, துவாய், தொப்பி, மாற்றுக் காலுறை, தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், எழுதிய அளவுத் துண்டு. பெண் பிள்ளைகள் நாள் கிட்ட வந்தாலும் வராவிட்டாலும் நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு உள்காற்சட்டை ஒன்றும். வயிற்றுவலிக்கு ஏற்கெனவே பழகிய மாத்திரை மட்டும். ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூரத்துப் போட்டி என்றால்

கொழும்பு சுகததாச மைதானத்தில் காலையில் போட்டி, முதல் நாள் இரவு பஸ் என்றால், அரை மணிப் பயிற்சியை பஸ் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வசதி இருந்தால் ஒரு நாள் முந்திப் போவதற்குப் பெற்றோரும் பள்ளிக்கூடமும் பணம் சேர்ப்பது நல்லது. அந்தச் செலவு புதுச் சப்பாத்தைவிடப் பலன் தரும். பஸ் நடுச்சாமத்தில் ஹபரணைப் பக்கம் நிற்கும்போது கொத்து மணம் வரும். இறங்கி நடந்து காலை நீட்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுங்கள். சப்பாத்துப் பை உங்கள் மடியில் இருக்கட்டும், பெட்டிகளோடு போகவேண்டாம். வகுப்பறைத் தரையில் படுக்கவைத்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பாயும் போர்வையும் நுளம்புத்திரியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு

ஒரு தாளில் நாளைய நேரத்தைப் பின்னாலிருந்து எழுதுங்கள். போட்டி 10.00 என்றால் பெயர் கூப்பிடுவது 9.30, உடல் சூடேற்றத் தொடங்குவது 8.40, மைதானத்துக்குப் போய்ச் சேர்வது 8.00, காலைச் சாப்பாடு 6.45, எழும்புவது 6.00. சரி, இனி அந்தத் தாளைப் பையில் வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள்.

வைகாசியில் பக்கத்துக் கோயிலில் கண்ணகி அம்மன் சடங்கு நடந்தால் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை கேட்கும். அம்மனைப் பின்னேரமே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் அன்று மட்டும் தூரத்தில் உள்ள பெரியம்மா, மாமி வீட்டில் படுங்கள். அதுவும் இயலாவிட்டால் காதில் பஞ்சு. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.

நித்திரை வராமல் புரண்டால் பயப்படாதீர்கள், முதல் போட்டிக்கு முதல் இரவு பலருக்கும் அப்படித்தான். ஓரிரவு நித்திரை குறைந்ததால் மட்டும் 100 மீற்றர் ஓட்டம் கெட்டுப்போகாது. அதற்கு முந்திய இரண்டு மூன்று இரவுகள் நன்றாக உறங்கியிருந்தால் உடம்பு அதைத் தாங்கும். எழும்பி நடமாடாமல், விளக்குப் போடாமல், கண்ணை மூடிப் படுத்திருந்து நாளைய ஓட்டத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓடிப் பாருங்கள்: அடையாளத்தில் நிற்பது, முதல் எட்டு, பலகை. ஒரு தடவை போதும். பிறகு ஆறு மணிக்கு அம்மா எழுப்புவார் என்ற நிம்மதியோடு மற்றப் பக்கம் திரும்பிப் படுங்கள்.